நாற்பத்தேழாம் தூண்

ஒன்பது மீற்றரில் கல் விட்டுக்கொடுத்தது.
துளைப்பான் ஒரு கணம் எடையிழந்து
பிறகு தானாகவே இறங்கியது, ஓர் ஆள் உயரம்.
சத்தம் மாறியதை
கொள்கலன் அலுவலகத்துக்குள் இருந்தே கேட்டேன்.
அஜந்த கையை உயர்த்தினான்.
"மிஸ், யட ஹிஸ்."
கீழே ஒன்றுமில்லையாம்.

ஒன்றுமில்லை என்பதை அளக்க
எங்கள் விலைப்பட்டியலில் அலகு கிடையாது.

வரைபடம் பதினான்கு கனமீற்றர் என்றது.
பதினான்கும் போனது. கொங்கிறீற்று ஏறி வரவில்லை.
இருபதுக்கு இன்னொரு லொறி.
முப்பதுக்கு நாவற்குழியிலிருந்து இன்னொன்று.
"அக்கா, பாதாளத்துக்கோ ரெயில் விடுறியள்?"
கலவை நிலையத்து டொன்போஸ்கோ தொலைபேசியில் சிரித்தான்.
முப்பத்தெட்டில் நிரம்பியபோது
இரவு ஒன்றே முக்கால்.
கொழும்புக்கு ஒரு பெருவிரலை அனுப்பிவிட்டு
ஜீப்பிலேயே தூங்கிப்போனேன்.

காலைக் கூட்டத்தின் நடுவே
தலைக்கவசம் இல்லாமல், காவலாளியைத் தாண்டி
ஒரு பெண் வந்தார். கையில் சோடாப் போத்தல்.
மேசையில் விரித்திருந்த வேலை அட்டவணையில்
சரியாக ஆவணி மாதத்தின் மேல் வைத்தார்.
பால் என்று நினைத்தேன்.
"எங்கட கிணறு," என்றார் புஷ்பகாந்தி.
"விடிய அள்ளினது. முகம் கழுவின பெடியனுக்குக் கண் எரியுது."

தூணிலிருந்து அவர் வளவுக்கு நூற்றுப்பத்து மீற்றர்.
நடுவில் ஒரு வைரவர் கோயில், தையல்கடை, வெள்ளவாய்க்கால்.
நான் தூரத்தை மேலே அளந்திருந்தேன்.
தண்ணீருக்கு வேறு சந்திகள், வேறு ஒழுங்கைகள்.

கொழும்பு உடனே பதில் போட்டது:
பவுசர் கொடுங்கள், வேலையை நிறுத்தாதீர்கள்.
நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்
பலாலி வீதியைத் திறந்து கொடுப்பதாக
மாநகரசபையில் கையெழுத்து வைத்தது நான்தான்.
பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் தண்டம்,
ஒன்பதாம் பக்கத்தில், தடித்த எழுத்தில்.

நாலு இயந்திரங்களையும் நிறுத்தச் சொன்னேன்.
துணிச்சல் இல்லை, பாருங்கோ.
அந்தப் போத்தலை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிறகு வீடு வீடாக நடந்தோம்,
புஷ்பகாந்தி முன்னால், சோதனைத்தாள்களுடன் நான்.
முப்பத்தொரு கிணறு.
தாள் கடும் நீலமானால்
ஆளின் முகத்தைப் பார்க்காமல் இலக்கத்தை எழுதினேன்.
ஒரு கேற்றில் பூட்டு. சொந்தக்காரர் ஸ்காபரோவில்.
பக்கத்து வீட்டு ஏணியை மதிலில் சாத்தி ஏறினேன்,
பாசி படிந்த அந்தக் கிணற்றிலும்
யாரும் குடிக்காத வெள்ளை.

ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர்
வாளியைத் தர மறுத்தார்.
"நீலம் எண்டு எழுதினா ரெயிலை நிப்பாட்டிப் போடுவாங்கள்.
என்ர மகள் கம்பசுக்கு ரெண்டு பஸ் மாறிப் போறவள்."
"தண்ணி?"
"தண்ணி வாங்கலாம்."
அவருடைய இலக்கத்துக்கு நேரே
இன்னும் கோடுதான் இருக்கிறது.

அன்றைய அறிக்கைப் படிவத்தில்
தாமதத்துக்கான காரணம் என்றொரு கட்டம்:
மழை. வேலைநிறுத்தம். பொருள் தட்டுப்பாடு. திருவிழா. ஏனையவை.
ஏனையவையை அழுத்தினேன்.
அறுபது எழுத்துக்குள் சொல்லச் சொன்னது.
'நிலம் பொள்ளல்' என்று தட்டினேன், அழித்தேன்.
'நான் கேட்கவில்லை' என்று தட்டினேன்.
அதையும் அழித்தேன்.
'47: நிலத்தடித் தொடர்பு. ஒன்பது நாள்.'

பத்தாம் நாள் இரும்புச் சட்டைகள் வந்தன.
இனி ஒவ்வொரு துளைக்கும் ஒன்று,
ஒவ்வொன்றுக்கும் மூன்று கடிதம்.
அஜந்த முதலாவதை இறக்கும்போது
கயிற்றில் கல்லைக் கட்டி, உள்ளே விட்டு
காதை வைத்துக் கேட்டான். அவனிடம் யாரும் கேட்கச் சொல்லவில்லை.

கொடியேற்றம் முடிந்தது, வீதி பாதி திறந்தபடி.
கடைக்காரர்கள் என்னை எப்படி அழைக்கிறார்கள் என்று தெரியும்.

போத்தல் இன்னும் யன்னலோரம் நிற்கிறது.
வெள்ளை அடியில் படிந்து
மேலே தெளிந்துவிட்டது, குடிக்கலாம் போல.
திங்கட்கிழமைகளில்
கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து இறங்குவதற்கு முன்
எடுத்து ஒருமுறை குலுக்கி வைக்கிறேன்.